சீலையில் எழுந்த திருமலை

குசராத்தில் பாலிதானா நகரை அடுத்துள்ளது சத்ருஞ்சயம் என்னும் மலை. சமணரின் முதல் தீர்த்தங்கரரான ஆதிநாதர்க்குரிய அம்மலைமீது கோயில்கள் நூற்றுக்கணக்கில் உள்ளன. ஏறிச் செல்லப் படிகள் 3,500க்கும் மேல். மழைக்காலத்து நான்கு திங்களும் யாத்திரை இல்லை. கார்த்திகப் பௌர்ணமியன்று வழி திறக்கும், அதுவே பெருவிழா. செல்ல இயலாதோர் தம் ஊரிலேயே, அம்மலையைத் தீட்டிய பெருஞ்சீலையைத் தொங்கவிட்டு வணங்குவர். வளைந்தேறும் பாதை, மதில்கள், கோயில்கள், அடியார் கூட்டம் யாவும் அதில் உண்டு. வரைபடமே வழிபடுபொருளும் ஆயிற்று. தூரத்தே நிறுத்தப்பட்டு விழாக் கண்ட முன்னோரின் வழிவந்த நமக்கு, எட்டாத மலையை இல்லத்தருகே அழைத்துக்கொண்ட அச்செயலின் உள்ளம் எளிதில் விளங்கும்.

நம் இளைஞர் அறியத்தக்க செய்தி ஒன்றும் அம்மலைக்கு உண்டு. யாத்திரைக்கு ஈடாக ஆண்டுதோறும் ஒரு இலட்சம் ரூபாய் பாலிதானா மன்னருக்குச் செலுத்த வேண்டுமென 1926-இல் ஆங்கிலேய அதிகாரி தீர்ப்பளித்தார். சமணர் எதிர்த்தனர்; மலையேறுவதையே நிறுத்திக்கொண்டனர். ஈராண்டு காலம் யாத்திரை நின்றது. பொருள்வளம் மிக்க வணிகச் சமூகமாதலின் பொறுத்திருக்க அவர்களால் முடிந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. 1928-இல் தொகை 60,000 ரூபாயாகக் குறைந்து உடன்பாடு கையெழுத்தான பின்னரே அடியார்கள் மீண்டும் படியேறினர்.