சமோவாத் தென்னையும் காண்டாமிருக வண்டும்

இறப்பர் மரம் பிரேசில் நாட்டிற்குரியது. கியூ பூங்காவிலிருந்து 1876 இல் அதன் நாற்றுக்கள் இலங்கைக்கு வந்து ஹெனரத்கொடைத் தோட்டத்தில் ஊன்றப்பட்ட வரலாறு பலரும் அறிந்ததே. ஆயின், இலங்கையினின்று அது வேறு தீவுகளுக்குச் சென்றபோது உடன்சென்ற தீங்கினை அறிந்தார் மிகச் சிலரே.

பசிபிக் மாகடலிலுள்ள மேற்குச் சமோவா 1900 முதல் 1914 வரை ஜெர்மானியர் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. ஆங்கு இறப்பர் பயிரிட விழைந்தோர் இலங்கையிலிருந்து நாற்றுக்களை வருவித்தனர். அந்நாற்றுக்களோடு 1909 இல் காண்டாமிருக வண்டும் வந்திறங்கியது. தலையிற் கொம்புடைய இக்கரிய வண்டினை நம்மவர் நன்கு அறிவர். இரவிற் பறந்துவந்து வட்டினுட் புகுந்து, விரியாத குருத்தைத் துளைத்துச் சாற்றை உறிஞ்சும். பின்னர் அவ்வோலை விரியுங்கால் கத்தரியால் நறுக்கியது போலத் தோன்றும். முளை அழியின் மரமும் அழியும். உணவும் பானமும் எண்ணெயும் விலைப்பொருளாகிய கொப்பராவும் தென்னையொன்றாலேயே பெற்று வந்த சமோவ மக்களுக்கு இஃது எத்துணைப் பேரிடர் என்பது கூறாமலே விளங்கும்.

வண்டின் புழு வளர்வது குருத்திலன்று. பட்டுக்கிடக்கும் தென்னங் குற்றியிலும் எருக்கும்பியிலுமாம். ஆதலின் ஆட்சியாளர் குப்பையைக் கிளறி வண்டும் புழுவும் பொறுக்குமாறு மக்களை ஏவினர். புழுக்களைக் கொல்லும் பச்சைப் பங்கசு ஒன்றைப் பரப்பவும் முயன்றனர். வண்டு ஒழிந்தபாடில்லை. தொங்காவைச் சேர்ந்த நியுவாதொபுதாபு என்னும் சிறு தீவில் மட்டும், 1921 இற் காணப்பட்ட வண்டு, குப்பையகற்றும் விடாமுயற்சியால் 1930 இல் முற்றாக ஒழிக்கப்பட்டது. தீவு சிறிதாயிருந்தமை அவர்தம் நற்பேறு என்னலாம். பலாவுத் தீவுகளிலோ 1942 அளவில் வண்டு புகுந்த பின்னர், பத்தாண்டுகளுள் ஏறக்குறையப் பாதித் தென்னைகள் மடிந்தன. பீஜித் தீவும் 1953 இல் இதற்கு இரையாயிற்று.

வண்டு கடல் கடந்தபோது அதன் இயற்கைப் பகைகள் எல்லாம் உடன்வந்தில. இவ்வுண்மையை உணர்ந்தே தென் பசிபிக் ஆணைக்குழு ஊகர் என்னும் ஜெர்மானிய அறிஞரைத் தென்கிழக்காசியாவிற்கு அனுப்பியது. அவர் 1963 இல் மலாயாவில் நோயுற்ற புழுக்களில் ஒரு வைரசைக் கண்டார். மார்ஷல் என்பார் அதனை 1967 இல் சமோவாவிற் பரப்பினார். நோயுற்ற வண்டு உடனே இறவாது. உண்பதையும் முட்டையிடுவதையும் நிறுத்திப் பறந்து திரிந்து, தன் எச்சத்தாற் பிற வண்டுகளுக்கும் புழுக்களுக்கும் நோயை ஊட்டும். கையால் வண்டு பொறுக்கியும் ஒழியாத பகையை, அவ்வண்டே காவிச்சென்ற நோய் சில ஆண்டுகளில் பெரிதும் அடக்கியது. பீஜி முதலிய தீவுகளிலும் இம்முறை பின்னர்க் கையாளப்பட்டது. நச்சு மருந்து தெளித்துக் கட்டுப்படுத்துவது செலவு மிக்கது. வானளாவிய மரங்களுக்கு எளிதுமன்று.

வெற்றி நிலைக்கவில்லை. 2007 இற் குவாம் தீவிற் காணப்பட்ட வண்டினம் பழைய வைரசுக்கு எளிதில் மசியாததாயிருந்தது. அவ்வினமே 2013 இல் ஹவாயிலும் 2015 இல் ஹோனியாராவிலும் தோன்றிற்று. குவாமில் 2015 இல் வீசிய சூறாவளி வீழ்த்திய மரங்களெல்லாம் அதற்குத் தொட்டிலாயின. வீட்டுத் தோட்டத்தார் எருக்கும்பிகளின்மேல் மீன்வலையை விரித்து, வந்திறங்கும் வண்டுகளை அதிற் சிக்கவைத்தனர்.