பக்குவத்தின் பங்காளி

‘முகத்தில் மங்கு விழுந்துவிட்டது’ என்பார்கள். ஒளி குன்றுதலைச் சொல்லும் வினையை விகுதி எதுவும் ஒட்டாமல் அப்படியே கருந்திட்டுக்குப் பெயராக நிறுத்தியது தமிழ். அந்த மங்குக்கென விற்கும் சீரம் புட்டிகளில் இப்போது பெப்டைடு என்றொரு பெயர் காணப்படுகிறது. வல்லினம் மோதி நாவை இடறும் இச்சொல்லை, சொல்லன்பரே, சற்றே பிரித்துப் பார்ப்போம்.

கிரேக்கத்தில் இதன் வேர்வினைக்குச் சமைத்தல், கனிதல், செரித்தல் என மூன்று பொருள். அடுப்பும் வெயிலும் வயிறும் செய்வது ஒரே வேலைதான் என்று கண்ட கூர்மை அது. நம்மிடமும் சோறு பக்குவமாக வேகிறது, மாங்காய் பக்குவத்துக்கு வருகிறது. மூன்றாம் பொருளை மட்டும் செரித்தலுக்கு விட்டுவிட்டோம். பக்குவம் வடமொழிப் ‘பக்வ’ வழியே வந்தது. அந்தப் பக்வவும், நளபாகத்துப் பாகமும், கிரேக்க வினையும் ஒரே மூலத்தில் கிளைத்தவை. ஆகவே பெப்டைடு நம் பக்குவத்துக்குத் தூரத்துப் பங்காளி.

1836இல் தியோடர் ஷ்வான், இரைப்பையில் உணவைச் சிதைக்கும் பொருளுக்குப் பெப்சின் என்று பெயரிட்டபோது செரித்தல் பொருளே முன்னின்றது. அது புரதத்தைச் சிதைத்துத் தந்த துண்டுகள் பெப்டோன் எனப்பட்டன. 1902இல் எமில் ஃபிஷர், பெப்டோனின் தலையை எடுத்து, தாம் ஆராய்ந்து பழகிய சாக்கரைடுகளின் ஈற்றை அதில் ஒட்டிப் பெப்டைடு ஆக்கினார். வேடிக்கை என்னவெனில், அவர் அமினோ அமிலங்களை ஒன்றோடொன்று கோத்துக் கட்டிக்கொண்டிருந்தவர். கட்டியதற்குச் சிதைந்ததன் பெயர்!

புட்டிச் சீட்டில் இப்பெயர் முன்னும் பின்னும் எண் ஏற்று நிற்கும். நோனாபெப்டைடு-1 என்பதில் நோனா இலத்தீன் ஒன்பது. டெக்காபெப்டைடு-12 என்பதில் டெக்கா கிரேக்கப் பத்து. முன்னெண் அமிலங்களின் தொகை, பின்னெண் வெறும் வரிசைக்குறி. ஒலிகோ என்றால் ‘சில’. ஒலிகோபெப்டைடு-68 என்றதும் அறுபத்தெட்டு அமிலங்கள் என மயங்க வேண்டா. நோனாபெப்டைடு, நிறமியை உண்டாக்கத் தூண்டும் இயக்குநீரின் இருக்கையில் தான் அமர்ந்து அதற்கு இடம் மறுக்கிறது. விளம்பரம் முழங்கும் அளவுக்குச் சான்று இன்னும் திரளவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். டெக்காபெப்டைடு-12 தடுப்பது டைரோசினேஸ் நொதியை. நிறமியாகிய மெலனினின் பெயரில் கிரேக்கக் கருமை உண்டு. அதை ஆக்கும் நொதியின் பெயரிலோ நிறமே இல்லை. அது டைரோசின் என்னும் அமினோ அமிலத்தின் பெயரை ஏற்றது. 1846இல் வேதியியலாளர் லீபிக் அந்த டைரோசினைப் பிரித்தெடுத்தது பாலாடைக்கட்டியின் புரதத்திலிருந்து. பாலாடைக்கட்டிக்குக் கிரேக்கத்தில் டைரோஸ் என்று பெயர்.