முப்பது வருடம் காத்திருந்த கிளட்ச்

"ஆட்டோமேட்டிக் வண்டியா? ஓட்ட சொகுசுதான். ஆனா பெட்ரோலைக் குடிச்சிடும்." கார் வாங்கக் கிளம்பிய பலரும் இதைக் கேட்டிருப்பார்கள். ஒரு காலத்தில் இது உண்மைதான். ஏன் அவ்வளவு காலம் உண்மையாகவே நீடித்தது என்பதுதான் கேள்வி. பதில் அமெரிக்காவில் இருக்கிறது.

ஜெனரல் மோட்டார்ஸ் 1940ஆம் ஆண்டின் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் ஹைட்ராமேட்டிக் கியர்பாக்ஸைக் கொண்டுவந்தது. பெருமளவில் விற்ற முதல் முழு ஆட்டோமேட்டிக் அதுதான். கிளட்ச் பெடலே கிடையாது. போர்க்காலத்தில் டாங்குகளுக்குள்ளும் அது போனது. போர் முடிந்ததும் டார்க் கன்வர்ட்டரின் காலம்: 1948இல் ப்யூக்கின் டைனாஃப்ளோ, 1950இல் செவர்லேயின் பவர்கிளைடு.

இரண்டு டேபிள் ஃபேன்களை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் போடுங்கள். அந்தக் காற்றில் மற்றதும் சுற்றும். ஆனால் ஒருநாளும் அதே வேகத்தில் சுற்றாது. டார்க் கன்வர்ட்டரும் ஏறக்குறைய இப்படித்தான். காற்றுக்குப் பதில் ஆயில். இன்ஜின் பக்கம் ஆயிலைத் தள்ளுகிறது, சக்கரத்தின் பக்கம் அதை வாங்கிச் சுற்றுகிறது. கிளம்பும்போது இந்த நழுவல் ஒரு வரம். வண்டி குலுங்காது, இழுவையும் கூடும். சிக்கல் என்னவென்றால், நெடுஞ்சாலையில் சீராகப் போகும்போதும் நழுவல் நிற்பதில்லை. அது ஆயிலைச் சூடாக்கிக்கொண்டே இருக்கும். அந்தச் சூடு வேறொன்றுமில்லை, நாம் காசு கொடுத்துப் போட்ட பெட்ரோல். போதாக்குறைக்கு பவர்கிளைடில் முன்னே போக இரண்டே கியர்கள்.

மருந்து தெரியாமல் இல்லை. 1949இல் பேக்கார்ட் நிறுவனம் தன் அல்ட்ராமேட்டிக்கில் ஒரு கிளட்சைச் சேர்த்தது. வண்டி வேகமெடுத்ததும் அது இரண்டு பக்கத்தையும் ஒன்றாகப் பூட்டிவிடும். நழுவலும் இல்லை, சூடும் இல்லை. ஆனால் கூடுதல் பாகம் என்றால் கூடுதல் செலவு. பெட்ரோல் மலிவாகக் கிடைத்த நாட்டில் அதை யார் கேட்கப்போகிறார்கள்? பேக்கார்ட் நொடித்தது. 1958க்குப் பிறகு அந்தப் பெயரில் கார் வரவில்லை. பூட்டும் கிளட்ச் ஓரமாய்ப் போனது.

1973 அக்டோபரில் அரபு நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெயை நிறுத்தின. பங்குகளில் வரிசை நீண்டது. அடுத்த ஆண்டே நெடுஞ்சாலை வேகத்துக்கு 55 மைல் வரம்பு. 1975இல் சட்டம் வந்தது: ஒவ்வொரு நிறுவனமும் விற்கும் கார்களின் சராசரி மைலேஜ் 1978இல் காலனுக்கு 18 மைல், 1985இல் 27.5 மைல். நம் கணக்கில் லிட்டருக்கு ஏழரை கிலோமீட்டரிலிருந்து பன்னிரண்டுக்குப் பக்கம்.

அப்புறம் பாருங்கள், எல்லாம் மளமளவென்று நடந்தன. 1978 மாடலில் கிரைஸ்லர் தன் டார்க்ஃப்ளைட்டில் பூட்டும் கிளட்சை வைத்தது. 1980இல் ஃபோர்டும் 1981இல் ஜெனரல் மோட்டார்ஸும் ஓவர்டிரைவோடு நான்கு கியர் தந்தன. இன்று எட்டு, பத்து கியர். எதை எப்போது போடுவது என்பதைக் கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. பல மாடல்களில் ஆட்டோமேட்டிக்கே மேனுவலைவிட அதிக மைலேஜ் தருகிறது.

ஆக, அந்தப் பழைய குற்றச்சாட்டை கியர்பாக்ஸ் மேல் மட்டும் போடுவது நியாயமில்லை. தீர்வு 1949லேயே ஒரு கார் கம்பெனியின் கையில் இருந்தது. வீணாவதற்கு விலை என்று ஒன்று வந்த பிறகுதான் மற்றவர்களுக்கு அது கண்ணில் பட்டது.