கரும்பலகையில் அசையாத கோடுகள்



மூச்சுக்குழாயின் உட்சுவரில் உள்ள குற்றிழைகளைக் கரும்பலகையில் அசையாத கோடுகளாகத்தான் உங்களுக்கு வரைந்து காட்டினேன். உண்மையில் அவை ஓயாமல் அசைந்து சளியை மேலே தள்ளுகின்றன.

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோயில் அந்தச் சளி கெட்டியாகித் தேங்கிவிடும். 1938இல் நியூயார்க்கில் டாக்டர் டோரதி ஆண்டர்சன் இதைத் தனி நோய் என்று காட்டினார். எப்படித் தெரியுமா? இறந்த குழந்தைகளின் உடல்களைப் பரிசோதித்து. 1989இல் காரணமான மரபணுவும் கிடைத்தது. ஆனால் உயிருள்ள நோயாளியின் சளிப்படலம் எக்ஸ்ரேயில் தெரியாது, அவ்வளவு மெல்லியது.

பிறகு பாஸ்டன் ஆராய்ச்சியாளர்கள் ஒளியின் துணையை நாடினார்கள். மெல்லிய குழாயை மூக்கினுள் செலுத்தி, திசுவில் பட்டுத் திரும்பும் ஒளியைப் படமாக்கினார்கள். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவிலான நுட்பம் அது. 2019இல் வெளியான ஆய்வில், நோயாளிகளின் மூக்கில் சளி மெதுவாக நகர்வதை நேரடியாகவே அளந்தார்கள். மருந்து பலன் தருகிறதா என்று அறியவும் இந்த வழி உதவும்.

ஆண்டர்சனால் அந்தக் குழந்தைகளை இழந்த பிறகுதான் பார்க்க முடிந்தது. மூச்சு ஓடும்போதே பார்க்க 81 ஆண்டுகள் ஆயின.

இன்று பாடம் எடுத்தால், கோடு வரைந்ததும் சொல்வேன்: “பிள்ளைகளே, இது அசைகிறது.”