துண்டுக்கு அடியில் போன விலை

மாட்டுச் சந்தையைப் பற்றி எழுதுகிறவர்கள் துண்டைப் பற்றி எழுதாமல் விடுவதில்லை. தரகர் தோளில் கிடக்கும் துண்டை எடுத்துத் தன் கையின் மேலும் எதிரே நிற்பவர் கையின் மேலும் போடுவார். துணிக்கு அடியில் விரல்கள் விலை பேசும். பேசியவர் இருவரைத் தவிர யாருக்கும் தொகை தெரியாது. இதைப் பண்பாட்டு நுட்பம் என்று ரசித்து எழுதிய கட்டுரைகளை நிறையப் படித்திருக்கிறேன். அந்தத் துண்டுக்கு அடியில் ஒரு பெண்ணின் கை போக முடியுமா என்ற கேள்வியை மட்டும் அவற்றில் நான் பார்த்ததில்லை.

பெண்கள் உள்ளே வரக்கூடாது என்று எந்தச் சந்தை வாசலிலும் பலகை கிடையாது. பலகை தேவைப்படவும் இல்லை. அயல் ஆணின் விரலைப் பொது இடத்தில் பிடித்துப் பேரம் பேசுவதுதான் வழி என்றால், அந்த வழியே பெண்ணை வெளியே நிறுத்திவிடுகிறது. கன்றுக்குச் சீம்பால் ஊட்டியவள், கழிச்சல் கண்டபோது கண் விழித்தவள், கட்டுத்தறியில் சாணி அள்ளியவள், அதன் விலையை அன்று மாலை வீட்டு ஆண் சொல்லித்தான் தெரிந்துகொள்வாள். அவன் சொல்வதுதான் அவளுக்கு விலை.

பேரிகையிலிருந்து வடக்கே கொஞ்ச தூரம் போனால் கர்நாடகம். மாஸ்தியும் மாலூரும் பக்கம். தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து பேசும் இந்த மண்ணுக்கு மாட்டு வரலாறு ஒன்று இருக்கிறது. அது அரசர்களிடமிருந்து தொடங்குவதாகத்தான் நமக்குச் சொல்லப்படுகிறது. மைசூர் உடையார்களின் அரண்மனை மந்தையைத் திப்பு சுல்தான் அம்ருத் மஹால் என்று பெயரிட்டுப் போருக்குப் பயன்படுத்தினார். 1799இல் அவர் வீழ்ந்தபின் மந்தை ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1824இல் ஓசூரில் படைக்குதிரைகளுக்காக ஒரு பண்ணை தொடங்கினார்கள். அதுவே பிறகு கால்நடைப் பண்ணையானது. கன் 1909இலும் லிட்டில்வுட் 1936இலும் தென்னிந்திய மாடுகளைப் பற்றி நூல்கள் எழுதினார்கள். ஹள்ளிக்கார், ஆலம்பாடி என்று இனங்கள் பெயர் பெற்றன.

இந்த வரலாற்றில் மாடு என்றால் காளை. பீரங்கி இழுக்கும் காளை, ஏர் உழும் காளை, இன்று எருது விடும் விழாவில் ஓடும் காளை. கர்நாடகத்தின் அஜ்ஜம்புராவில் அம்ருத் மஹால் காளைக்கன்றுகளைப் பொது ஏலத்தில் விற்கும் வழக்கம் நம் காலம் வரை வந்திருக்கிறது. மாலை போட்டு, பொட்டு வைத்து, ஆண்கள் பலர் கூடி விலையை ஏற்றுவார்கள். நம் ஊர்ப் பக்கம் கன்றுகளை ஏலத்தில் விற்பதில்லை. இங்கே ஏலம் போவது சந்தையில் சுங்கம் வசூலிக்கும் உரிமை. ஊராட்சியோ பேரூராட்சியோ அதைக் குத்தகைக்கு விடும். குத்தகைக்காரருக்குச் சுங்கம், தரகருக்குத் தரகு, வண்டிக்காரருக்கு வாடகை. இவை போக மிஞ்சுவதுதான் வீட்டுக்கு.

காளையை மையத்திலிருந்து நகர்த்தியது டிராக்டரும் பாலும். 1970இல் வெண்மைப் புரட்சித் திட்டம் தொடங்கிய பிறகு கலப்பினப் பசுக்கள் கொட்டகைக்கு வந்தன. அதே பத்தாண்டில் ஓசூரில் சிப்காட் வந்தது. ஆண்கள் பலர் ஆலை வேலைக்குப் போக, மாடு முழுக்கவே பெண்ணின் வேலையானது. 2011இல் தமிழக அரசு விலையில்லாக் கறவைப் பசுத் திட்டத்தைப் பெண்களுக்கென்றே கொண்டுவந்தது. பசு அவள் பெயருக்கு வந்தது. சந்தை அவளிடம் வரவில்லை.

கலப்பினக் காளைக்கன்றுக்கு உழவிலும் இடமில்லை, விழாவிலும் இடமில்லை. 2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பசுவினத்துப் பெண் மாடுகள் 14.5 கோடி, ஆண் மாடுகள் 4.7 கோடிதான். 2012ஐ விடப் பெண் மாடுகள் 18 விழுக்காடு கூடியிருக்க, ஆண் மாடுகள் சுமார் 30 விழுக்காடு குறைந்திருந்தன. மனிதரில் பெண் சிசுவை வேண்டாம் என்று சொன்ன மாவட்டங்களில் மாட்டில் ஆண் கன்றை வேண்டாம் என்கிறோம். இரண்டையும் சமமாக வைக்கவில்லை. யார் பிறக்கலாம், யார் தங்கலாம் என்பதை லாபக் கணக்கு தீர்மானிக்கும்போது, அந்த முடிவை நிறைவேற்றும் கை பெரும்பாலும் ஒரு பெண்ணுடையது என்பதைத்தான் சொல்கிறேன்.

2017 மே 23 அன்று மத்திய அரசு கால்நடைச் சந்தை விதிகளை அறிவித்தது. இறைச்சிக்காகச் சந்தையில் மாடு விற்கத் தடை என்பதுதான் செய்தியானது. மாநில எல்லையிலிருந்து 25 கிலோமீட்டருக்குள் மாட்டுச் சந்தை கூடாது என்றும் அதில் இருந்தது. பேரிகையும் ஓசூரும் அந்த வட்டத்துக்குள்தான் வரும். இன்னொரு விதி, மாடு வாங்குபவர் விவசாயிதான் என்பதை வருவாய்த்துறை ஆவணம் பார்த்து உறுதி செய்யச் சொன்னது. பட்டா யார் பெயரில் இருக்கிறது? கணவன், மாமனார், அண்ணன். காலமெல்லாம் மாடு மேய்த்தவள் அந்த விதியின் கண்ணில் விவசாயி இல்லை. மே 30 அன்று சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்தது. ஜூலை 11 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நாடு முழுவதற்கும் நீட்டித்தது. தடை உணவுரிமையை வைத்தும் வணிகத்தை வைத்தும் விவாதிக்கப்பட்டது. பட்டா இல்லாத பெண்ணைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு.

சந்தைக்குப் போகாமல் வாசலிலேயே விற்பது புதிதல்ல. பால் ஊற்றும் இடத்தில் சொல்லிவைத்தால் வாங்குபவர் வீடு தேடி வருவார். இப்போது கைப்பேசியில் படம் போகிறது. வாசலில் துண்டு இல்லை. விலையை வாயால் சொல்லியாக வேண்டும்.

“காளைக் கன்னுக்கா, இதுக்கு மேல வராது.”

“நாலு மாசம் பாலு விட்டு வளத்திருக்கேன்ணா. அதையும் சேத்துச் சொல்லுங்க.”

எங்கள் தெருவில் நான் கேட்ட பேரம் இது. அவள் கேட்ட தொகை முழுதும் கிடைக்கவில்லை. வாசல் விற்பனையைப் பெண் விடுதலை என்று எழுத எனக்கு மனமில்லை. சந்தையில் பத்து மாட்டைப் பார்த்து விலை ஒப்பிடலாம். வாசலில் ஒரே ஒரு வியாபாரி. அவருக்கு எல்லாச் சந்தை நிலவரமும் தெரியும், இவளுக்குத் தெரியாது. கடன் இருக்கிறது என்று தெரிந்தால் விலை இன்னும் இறங்கும். பால் பணம் சங்கத்திலிருந்து அவள் வங்கிக் கணக்குக்கே வந்தாலும், கன்றுப் பணம் ரொக்கம். அதை எண்ணி வாங்கும் கை மாலைக்குள் மாறிவிடலாம்.

ஆனாலும் ஒன்று நடந்திருக்கிறது. தொகை அவள் காதில் விழுந்திருக்கிறது. தீவனத்துக்கு என்ன செலவு, ஊட்டிய பாலைச் சங்கத்தில் ஊற்றியிருந்தால் என்ன வந்திருக்கும் என்று அவள் கணக்குப் போட்டுப் பார்க்க முடிகிறது. அடுத்த கன்றுக்கு என்ன கேட்கலாம் என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்ல முடிகிறது. மகளிர் குழுக் கூட்டத்தில் வட்டிக் கணக்கோடு அன்றைய கன்று விலையையும் சத்தமாகச் சொல்லி எழுதிவைத்தால், வியாபாரிக்குத் தெரிந்த நிலவரம் இவர்களுக்கும் தெரியும். அதற்குச் சட்டம் வேண்டாம், ஒரு நோட்டு போதும்.