கைதட்டிய பிறகு கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டை: கணிதத் துறை செமினார்களில் என்னதான் நடக்கிறது?

1993 ஜூன் 23, புதன்கிழமை. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் உள்ள ஐசக் நியூட்டன் கணித ஆய்வு நிறுவனத்தின் அரங்கம் நிரம்பி வழிந்தது. போர்டில் சாக்பீஸோடு நின்றவர் ஆண்ட்ரூ வைல்ஸ். மூன்று நாள் தொடர் உரையின் கடைசி நாள் அது. தலைப்பில் ஃபெர்மா என்ற பெயரே கிடையாது. ஆனால் முதல் நாளிலிருந்தே வதந்தி பரவியதால், கடைசி நாளில் சிலர் கேமராவோடு வந்து உட்கார்ந்திருந்தார்கள். வைல்ஸ் ஃபெர்மாவின் கடைசித் தேற்றத்தை எழுதி முடித்து, இதோடு நிறுத்திக்கொள்கிறேன் என்றார். கைதட்டல் ஓயவில்லை.

350 வருஷத்துக்கும் மேல் தீராத கணக்கு அது. 3-ன் வர்க்கமும் 4-ன் வர்க்கமும் சேர்ந்தால் 5-ன் வர்க்கம், பள்ளியில் படித்திருப்போம். அடுக்கு 2-ஐத் தாண்டினால் இப்படி மூன்று மிகை முழு எண்கள் கிடைக்கவே கிடைக்காது என்பதுதான் அந்தத் தேற்றம்.

மறுநாள் உலகப் பத்திரிகைகளில் இது செய்தி. ஆனால் அன்று கைதட்டிய நிரூபணத்தில் ஒரு ஓட்டை இருந்தது. அதை அந்த அரங்கில் யாரும் கவனிக்கவில்லை.

அப்படியானால் இந்த செமினார்கள் எதற்கு?

செமினார் என்றால் என்ன?

நம்ம ஊர் காலேஜில் செமினார் என்றால் மாணவர் பிபிடி போட்டுப் படிப்பது ஞாபகம் வரும். தூய கணிதத் துறைகளில் அது வேறு. பெரிய பல்கலைக்கழகங்களில் எண் கோட்பாடு, இயற்கணிதம், வடிவியல், பகுப்பாய்வு என ஒவ்வொரு பிரிவுக்கும் தனி செமினார் உண்டு. வாரம் ஒரு முறை, குறித்த கிழமை, குறித்த நேரம். பெரும்பாலும் வெளியூர் ஆய்வாளர் ஒருவர் வந்து ஒரு மணி நேரம் பேசுவார். தலைப்பும் நாலு வரிச் சுருக்கமும் முன்னாடியே வந்துவிடும். முன்னேயோ பின்னேயோ டீ இருக்கும். (டீ நேரத்தில்தான் உண்மையான கேள்விகள் வரும் என்பார்கள்.)

எல்லா பிரிவினருக்கும் புரியும்படி பேசுவது கொலோக்கியம். பிஎச்டி மாணவர்கள் ஒரு ஆய்வுக் கட்டுரையை வாரா வாரம் பங்கு போட்டு நடத்துவது வாசிப்புக் குழு.

வந்தவர்களுக்கு எல்லாமே புரியுமா? புரியாது. முதல் 20 நிமிஷம் புரிந்தாலே நல்ல உரை. பலர் வருவது விடைக்காக அல்ல. எந்தக் கேள்வி இப்போது உயிரோடு இருக்கிறது, யார் எதை முயற்சி பண்ணுகிறார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான்.

இன்னும் ஏன் சாக்பீஸ்? போர்டில் எழுதினால் பேச்சின் வேகம் தானாகக் குறையும், கேட்பவர் பின்னாலேயே வரலாம். ஸ்லைடில் பத்து வரி ஒரே நொடியில் ஓடிவிடும். நியூட்டன் நிறுவனத்தில் லிஃப்ட்டுக்குள்ளும் கழிவறையிலும்கூட கரும்பலகை மாட்டியிருக்கிறார்கள்.

இரண்டு பிரபல செமினார்கள்

மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் இஸ்ரேல் கெல்ஃபாண்ட் 1943-ல் தொடங்கிய திங்கட்கிழமை செமினார் பல பத்தாண்டுகள் நடந்தது. பேச வந்தவரை நடுவிலேயே நிறுத்துவார். அரங்கில் உள்ள ஒரு மாணவரை எழுப்பி, இவர் சொன்னது புரிந்ததா என்று கேட்பார். பேச வந்தவருக்கு வியர்த்திருக்கும்.

1948-ல் தொடங்கிய பாரிஸின் பூர்பாக்கி செமினார் இதற்கு நேர் எதிர். அங்கே பேசுபவர் பெரும்பாலும் சொந்த ஆய்வைச் சொல்வதில்லை. இன்னொருவரின் புதிய தேற்றத்தைப் படித்து, புரிந்துகொண்டு விளக்க வேண்டும். அதை எழுத்திலும் கொடுக்க வேண்டும். என்னைக் கேட்டால் இதுதான் கஷ்டமான வேலை.

சென்னைக்கும் ஒரு கதை உண்டு. அல்லாடி ராமகிருஷ்ணன் மயிலாப்பூரில் தன் வீட்டில் நடத்திய இயற்பியல் செமினாரின் தொடர்ச்சியாகத்தான் 1962 ஜனவரியில் கணித அறிவியல் நிறுவனம் உருவானது. தரமணியில் இப்போதும் இயங்கும் அதே நிறுவனம்.

சரி, வைல்ஸின் ஓட்டை எப்படி சிக்கியது?

ஏழு வருஷம் ரகசியமாக வேலை செய்த வைல்ஸ், கேம்பிரிட்ஜ் உரைக்கு முன்பே நிரூபணத்தின் ஒரு பகுதியைச் சோதித்துப் பார்க்க நினைத்தார். நம்பிச் சொன்னது பிரின்ஸ்டன் சகா நிக் காட்ஸிடம். இரண்டு பேர் மட்டும் உட்கார்ந்து பேசினால் மற்றவர்களுக்குச் சந்தேகம் வரும் என்பதால், அதையே ஒரு வகுப்பாக அறிவித்தார்கள். எதற்காக இந்தக் கணக்கு என்று மாணவர்களுக்குச் சொல்லவில்லை. சில வாரங்களில் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்ள, கடைசியில் மிஞ்சியது காட்ஸ் மட்டும். சரியாகத்தான் இருக்கிறது என்றே அவருக்கும் பட்டது.

உரை முடிந்து, சுமார் 200 பக்க கைப்பிரதி ஆய்விதழுக்குப் போனது. ஆறு பேர் பிரித்துக்கொண்டு சரிபார்த்தார்கள். காட்ஸுக்கு வந்த பங்கில் அவர் பிரின்ஸ்டனில் கேட்ட பகுதியும் இருந்தது. இந்த முறை வரி வரியாகப் படித்தார். புரியாத இடத்தில் எல்லாம் மின்னஞ்சலில் கேள்வி அனுப்பினார். பெரும்பாலானவற்றுக்கு உடனே பதில் வந்தது. ஆகஸ்ட்டில் கேட்ட ஒரு கேள்விக்கு மட்டும் வந்த பதில்கள் போதவில்லை. நிரூபணத்தைத் தாங்கிய ஒரு முறை, தேவையான இடத்தில் முழுசாக வேலை செய்யவில்லை என்பது செப்டம்பரில் தெளிவானது.

வாரா வாரம் நேரில் உட்கார்ந்து கேட்டவரிடமே தப்பிய பிழை அது. கேட்கும்போது பேசுபவரின் ஓட்டத்தோடு நாமும் போய்விடுகிறோம். படிக்கும்போது நின்று யோசிக்கலாம். பிரின்ஸ்டன் வகுப்பில் மாணவர்கள் தங்கி, இது எப்படி வந்தது என்று யாராவது கேட்டிருந்தால்? அங்கே அதற்கு ஆளே இல்லை.

1993 டிசம்பரில் வைல்ஸ் சிக்கலைப் பொதுவில் ஒப்புக்கொண்டார். முன்னாள் மாணவர் ரிச்சர்ட் டெய்லரை அழைத்து மறுபடி உட்கார்ந்தார். 1994 செப்டம்பர் 19-ஆம் தேதி காலை, முன்பு கைவிட்ட ஒரு வழியே ஓட்டையை அடைக்கும் என்பது அவருக்குப் புலப்பட்டது. 1995 மே மாதம் நிரூபணம் இரண்டு கட்டுரைகளாக அச்சில் வந்தது. இரண்டாவதில் டெய்லரின் பெயரும் இருந்தது.