குத்பா எனும் சொல்

கேட்போர் உள்ளத்தைக் கிளர்ந்தெழச் செய்யும் பேருரைக்கு அரபியர் வழங்கிய பெயர் 'குத்பா'. ஜும்ஆவோடும் இரு பெருநாள்களோடும் மட்டுமே அதனைப் பொருத்திப் பார்க்கப் பழகிவிட்ட நமக்கு, இச்சொல்லின் பழைய வீச்சு எளிதில் புலப்படுவதில்லை.

இதே வேரிலிருந்து கிளைத்த 'கத்பு' என்னும் சொல் பாரதூரமான விவகாரத்தைக் குறிக்கும். காளைக்கன்றைச் செய்து மக்களை வழிகெடுத்த சாமிரியை மூஸா நபி (அலை) விசாரிக்கும் இடத்தில் (திருக்குர்ஆன் 20:95) ஆளப்பட்டிருப்பது இச்சொல்லே. பெண் கேட்டலைக் குறிக்கும் 'கித்பா'வும் இவ்வேரினதுதான். உயிர்க்குறி இடாமல் எழுதினால் அரபியில் குத்பாவுக்கும் கித்பாவுக்கும் ஒரே வடிவம். இரண்டிலுமே எதிரிலிருப்பவரின் இசைவை நாடி ஒருவர் பேசுகிறார் என்பது நாம் கருதத்தக்கது.

இஸ்லாத்திற்கு முன்னரே கத்தீப் தம் கோத்திரத்தின் நாவாக விளங்கினார். கோலையோ வில்லையோ ஊன்றி நின்று பேசுவது மரபு. அக்கோலை அரபியரல்லாதார் சிலர் எள்ளி நகையாடினர். பஸ்ராவின் பேரறிஞர் அல்ஜாஹிஸ், ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் எழுதிய 'அல்பயான் வத்தப்யீன்' நூலில் கைத்தடிக்கென்றே ஒரு பகுதியை ஒதுக்கி, மூஸா நபியின் தடியைச் சான்றுகாட்டி அவர்களுக்கு விடையிறுத்தார்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் குத்பா நிகழ்த்துகையில் கண்கள் சிவக்கும், குரல் உயரும், படை வருவதை எச்சரிப்பவரைப் போலத் தோன்றுவார்கள் என்று ஜாபிர் (ரலி) அவர்களின் அறிவிப்பு ஸஹீஹ் முஸ்லிமில் காணப்படுகிறது. குத்பாவைச் சுருக்குவது மார்க்க விளக்கத்தின் அடையாளம் என்னும் நபிமொழியும் அந்நூலிலேயே உள்ளது. நீட்டி முழக்குவோர் இதை மறந்துவிடுகின்றனர்!

கனல் இருந்தால் மட்டும் போதுமா? 665இல் பஸ்ராவின் ஆளுநர் ஸியாத் ஆற்றிய உரை மக்களை நடுங்கவைத்தது. சொல்லழகுக்காக இன்றும் போற்றப்படுகிறது. இறைபுகழின்றித் தொடங்கியதால் அதற்கு 'பத்ரா', அதாவது வாலறுந்தது, எனப் பெயர் வந்தது. தலை இல்லாததற்கு வாலறுந்தது என்று பெயரிட்டது அரபியரின் குறும்பு போலும்.

தமிழ்நாட்டின் பள்ளிவாசல்கள் பலவற்றில் குத்பா அரபியிலேயே ஓதப்படுகிறது. அதற்கு முன் தமிழில் நிகழும் உரையை 'பயான்' என்கிறோம். அல்ஜாஹிஸின் நூற்பெயரில் உள்ள அதே சொல்தான் இது. 'தெளிவு' என்பது அதன் பொருள். கேட்போரின் இசைவை நாடும் பணி இவ்வாறு ஒரு சொல்லிலிருந்து மற்றொன்றுக்கு இடம்பெயர்ந்துவிட்டது. குத்பாவையும் தமிழிலேயே நிகழ்த்தும் பள்ளிகள், அப்பணியை அதன் பழைய பெயருக்கே மீட்டுத் தந்திருக்கின்றன என்பது நம் கருத்து. மிம்பரில் ஏறும் கத்தீப் கையில் 'அஸா' ஏந்தும் வழக்கமோ இன்றும் பல ஊர்களில் தொடர்கிறது.